வெட்டி வைத்த வளைவு

அவளை எல்லாரும் ஷாக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு, மின்சார வேலை பார்க்கிறவள் போலிருக்கிறது என்று நினைத்து, சுவிட்சு எரிந்துபோனால் அவள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். கொஞ்ச காலம் விளக்கம் சொல்லிப் பார்த்தாள். பிறகு அலுத்துப்போய் சுவிட்சு மாற்றவே கற்றுக்கொண்டாள். அது அதைவிடச் சுலபமாக இருந்தது.

உண்மையில் அவள் தொழில் பந்தயக் காருக்கு ஷாக் அப்சார்பர் தேர்ந்தெடுத்துப் பதமாக்குவது. "அதுல அப்படி என்னங்க இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரு பதில் உண்டு. ஸ்பிரிங் காரைத் தாங்கும், ஆனால் அதற்கு அடக்கம் கிடையாது. ஒருமுறை அமுக்கிவிட்டால் துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலைப் பிடித்து உட்கார வைப்பதுதான் ஷாக். குழாய்க்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனின் இரண்டு பக்கமும் மெல்லிய எஃகுத் தகடுகள் அடுக்கடுக்காக. ஒரு பக்கத்து அடுக்கு சக்கரம் மேலே அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும். மறுபக்கத்து அடுக்கு அது திரும்பக் கீழே இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஒரே ஒரு தகட்டை எடுத்தாலும் சேர்த்தாலும் காரின் குணம் மாறிவிடும். அவள் வேலை பார்க்கும் பந்தய அணியின் முதலாளி, அதாவது அவள் கொழுந்தன், ஒருமுறை இந்த வேகங்களை வெளியிலிருந்தே கூட்டிக் குறைக்க நான்கு திருகு வைத்த விலை உயர்ந்த ஷாக்குகளை வாங்கிவந்து பெருமையாக மேசையில் வைத்தார். "நாலு திருகா? தப்பு பண்ண நாலு வழி" என்று சொல்லி, அதைத் திருப்பிக் கொடுக்க வைத்து, இரண்டு திருகு உள்ளதை வாங்கினாள். கொழுந்தன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தொழிலுக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. படித்து முடித்ததும் கிடைத்த வேலை ஒரு மோட்டார் சைக்கிள் கடையில், ஷாக் பிரிக்கிற மேசையில். அங்கே ஒருநாள் கார்ப் பந்தயக்காரர் ஒருவர் தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். "பின்னாடி ஆடுதுங்க" என்றார். "ஆடுறது வண்டியா, நீங்களா?" என்று அவள் கேட்டுவிட்டாள். கடை முதலாளி தலையில் கை வைத்தார். வந்தவர் சிரித்துவிட்டுப் போய், அடுத்த வாரமே ஒரு குறையும் இல்லாத வண்டியோடு திரும்ப வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். பிறகு கல்யாணம் நடந்தது, ஒரு மகள் பிறந்தாள், இவள் பைக் ஷாக்கை விட்டுவிட்டு அவர் காரின் ஷாக்குக்கு வந்து சேர்ந்தாள்.

ஓட்டுகிறவர்கள் சொல்வதில் பாதி பெருமை, பாதி பயம், நடுவில் மாட்டிக்கொண்டது கொஞ்சம் உண்மை என்பது அவள் கட்சி. அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துவிட்டால் ஷாக் தானாக அமைந்துவிடும் என்பாள். வீட்டுக்காரர் விஷயத்தில் அது இன்னும் சுலபம். சாப்பிட உட்காரும்போது அவர் நாற்காலியை இழுக்கிற சத்தத்திலேயே அன்றைக்குக் கார் எப்படி ஓடியது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

மூடப்போன ஒரு கார் தொழிற்சாலையிலிருந்து கொழுந்தன் அடிமாட்டு விலைக்கு ஓர் இயந்திரம் வாங்கிவந்தார். அணியின் பட்டறைக்குப் பின்பக்கம், ஜன்னலே இல்லாத அறையில், தரையைத் தோண்டி அதை இறக்கினார்கள். நான்கு இரும்புத் தூண்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு தட்டு. தட்டுக்கு ஒரு சக்கரம் என்று காரை மேலே நிறுத்த வேண்டும். பட்டறையில் அதற்கு நாலுகால் என்று பெயர் வைத்தார்கள். தடத்தில் கார் ஓடும்போது ஒவ்வொரு ஷாக்கும் எவ்வளவு அமுங்கியது, எவ்வளவு எழும்பியது என்று சென்சார் பதிவு செய்துகொள்ளும். அந்தப் பதிவைக் கொடுத்தால் நாலுகால் தூண்களை ஏற்றி இறக்கி, நின்ற இடத்திலேயே காரை அதே மாதிரி அசைய வைக்கும். எதனால் அசைந்தது என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசை கிடையாது. கிடைத்ததை மயிரிழை பிசகாமல் திருப்பிச் செய்யும்.

பார்ப்பதற்கு அது நல்ல காட்சி அல்ல. இன்ஜின் அணைந்திருக்கும். சக்கரம் சுழலாது. ஆனால் கார் வளைவுக்குச் சாயும், பிரேக்குக்கு மூக்கைத் தாழ்த்தும், மேட்டில் ஏறி இறங்கும். ஆள் இல்லாமல் ஒரு கார் முழுச் சுற்றும் போய்வந்துவிடும். ஓட்டுகிறவரின் எடைக்குச் சமமாக இருக்கையில் மணல் மூட்டைகளை வைத்து பெல்ட் போட்டு இறுக்க வேண்டும். அவள் வீட்டுக்காரரை எடை போட்டு அதே எடைக்கு மூட்டை கட்டிய அன்று, யாரோ விளையாட்டாக அதன் தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். அவர் பார்த்துவிட்டு, "என்னைவிட இவன் நல்லா உக்கார்றான்யா. பேச்சும் இல்ல, சம்பளமும் இல்ல" என்று சிரித்தார். அன்றிலிருந்து பட்டறையில், "அண்ணனை ஏத்தியாச்சா?" என்றால் மூட்டையை வைத்தாயா என்று அர்த்தம்.

அவர் போன பிறகும் அவர்கள் அப்படியேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் போனது ஏரிக்கரைத் தடத்தில், ஒரு சோதனை ஓட்டத்தின்போது. மற்ற எல்லா இடத்துக்கும் நல்ல பதிவு கிடைத்துவிட்டது. ஏரியை ஒட்டி மரங்களுக்குப் பின்னால் போகிற நீள வளைவு மட்டும் சரியாக விழவில்லை. அவள்தான் ரேடியோவில் சொன்னாள். "அடுத்த சுத்துல நீள வளைவுக்குள்ள நுழைஞ்சதும் மெதுவா வாங்க. வேகத்துல எல்லாம் கலங்கிப்போகுது. ரோட்டோட மேடு பள்ளம் எனக்குச் சுத்தமா வேணும்."

"உத்தரவு மகாராணி" என்றார் அவர்.

சொன்னபடியே மெதுவானார். திரையில் நான்கு ஷாக்குகளின் கோடுகளும் அலுங்காமல் குலுங்காமல் வந்தன. பதிவுகளைப் பார்த்துக்கொள்கிற பையனுக்குப் பட்டறையில் கணக்கு என்று பெயர். அவன் வாயைப் பிளந்தான். "அக்கா, இவ்வளவு சுத்தமான கோடு நான் பாத்ததே இல்ல. அண்ணன் கையா இது?" அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. கார் மரங்களுக்குப் பின்னால் நின்றது திரையில் தெரிந்தது. இறங்கி டயரைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. சென்சாரின் கோடுகள் வந்தாலும், பேசுகிற ரேடியோ அந்த மரங்களுக்குப் பின்னால் எப்போதும் எடுக்காது. அவள் டீயை நிதானமாகக் குடித்து முடித்தாள். அதற்குப் பிறகுதான் ஏதோ உறுத்தி, எழுந்து நடக்க ஆரம்பித்து, பாதியில் ஓடினாள்.

"மாரடைப்பு. ஒரே நொடிதான்மா. அவருக்கே தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நின்றாள் என்று சொல்ல வேண்டும். ஒரே நொடி என்றால், டீ குடித்ததால் ஒன்றும் ஆகிவிடவில்லை. உடனே ஓடியிருந்தாலும் அதே கதைதான். இரவில் தூக்கம் வராதபோதெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு தூங்கினாள்.

பட்டறைக்குத் திரும்பிய முதல் நாள் கணக்கிடம், "நீள வளைவு ஆரம்பிக்கிற இடத்தோட அந்தப் பதிவை வெட்டிடு" என்றாள். வெட்டியதை அவளுக்குக் கொடுத்துவிட்டு, முழுசைத் தூக்கி எறிய மனம் வராமல் எங்கோ பத்திரப்படுத்திக்கொண்டான். கொஞ்ச நாளில் ஏரிக்கரைத் தடத்தை ஏதோ நில வழக்கில் இழுத்து மூடிவிட்டார்கள். அதோடு அந்தத் தடத்துக்கு உலகத்தில் இருந்த ஒரே நல்ல பதிவு அந்த வெட்டிய சுற்றுதான் என்று ஆகிவிட்டது. அதில் எல்லா வகை மேடும் பள்ளமும் இருந்ததால், வேறு எந்தத் தடத்துக்குக் கார் தயாரானாலும் முதல் பரிசோதனை அதில்தான் நடக்கும். வருஷக்கணக்கில், எத்தனையோ கார்கள் அந்த அறையில் அவர் ஓட்டிய மாதிரியே சாய்ந்து, நிமிர்ந்து, பிரேக் போட்டு, நீள வளைவின் வாசலில் சடாரென்று உறைந்து நின்றன. மூட்டையின் தலையில் இருந்த ஹெல்மெட் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் முன்னால் குனியும். பெருக்க வருகிற அம்மாள் அந்த அறைக்குள் தனியாகப் போகமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அதற்காக அவளை யாரும் கேலி செய்ததில்லை.

மகள் அந்த அறையின் படிக்கட்டில்தான் வளர்ந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, மடியில் பிஸ்கட் பொட்டலத்தோடு உட்கார்ந்து, அப்பாவின் சுற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது சாயும் என்பாள், சாயும். இப்போது குதிக்கும் என்பாள், குதிக்கும். பெரியவளானதும் கார் ஓட்டப்போகிறேன் என்றபோது அம்மா கத்தினாள், அழுதாள், ஒரு வாரம் பேசவில்லை. கடைசியில், "வேற எவனோ மாட்டின ஷாக்ல நீ போகக்கூடாது" என்று தானே ஷாக்கைப் பிரித்து உட்கார்ந்தாள்.

இந்த வருஷம் வழக்கு முடிந்து ஏரிக்கரைத் தடத்தைத் திறந்துவிட்டார்கள். அதே பழைய தார், செப்பனிடக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை பந்தயம், வெள்ளிக்கிழமை பயிற்சி. பயிற்சி முடிந்து மகள் காரிலிருந்து இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது.

"நீள வளைவு வரைக்கும் நம்ம வீடு மாதிரிம்மா. கண்ணை மூடிட்டுப் போவேன். உள்ள நுழைஞ்சதும்..."

"என்னடி?"

"பின்னாடி யாரோ ஏறி உக்கார்ற மாதிரி இருக்கு."

கொழுந்தன் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஷாக் அக்காவுக்கும் திரும்பிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் தொழில் வாயை முந்திக்கொண்டது. "ஒரேடியா உக்காருதா, கொஞ்சம் கொஞ்சமாவா?"

"கொஞ்சம் கொஞ்சமா. ஒவ்வொரு படியா ஏறி வர்ற மாதிரி. வளைவு முடியுறதுக்குள்ள அடித்தட்டு ரோட்ல உரசிடுச்சு. பின்சக்கரம் ரெண்டும் ஒரு நொடி கையில இல்லவே இல்ல. மரத்தைப் பாத்தேம்மா."

இது என்ன நோய் என்று அவளுக்குத் தெரியும். தார் அலை அலையாக மேடு தட்டியிருக்கிறது. பின் ஷாக்கில் சக்கரம் திரும்ப இறங்குவதைத் தடுக்கிற அடுக்கு மிகக் கடினமாக இருந்தால், ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். ஒவ்வொரு மேட்டுக்கும் கார் இன்னும் கொஞ்சம் தாழும். மருந்தும் தெரியும்: தகட்டைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதில்தான் உயிர் இருந்தது. அதிகம் குறைத்தால், வளைவுக்கு முந்தைய மேட்டில் கார் துள்ளிக் கைவிட்டுப் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நூலிழை. பயிற்சி நாளிலிருந்தே காரில் சென்சார் பொருத்தக்கூடாது என்பது பந்தய விதி. அந்த வளைவின் மேடு பள்ளத்தைச் சொல்லக்கூடியது இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை அவளே வெட்டி வைத்திருந்தாள்.

"முழுசு என்கிட்ட இருக்குக்கா" என்றான் கணக்கு, தரையைப் பார்த்தபடி. "வளைவு முடிஞ்சதும் நான் நிறுத்திடுறேன். அதுக்கு மேல நீங்க பாக்க வேணாம்."

சனிக்கிழமை காலையில் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்து நாலுகாலில் ஏற்றினார்கள். வெளியே வெயில் கொளுத்தியது; அந்த அறைக்குள் குழல் விளக்கும் எண்ணெய் வாடையும் மட்டும். கொழுந்தன் உள்ளே வரவில்லை. வழக்கம்போல மூட்டையைத் தூக்க வந்த மெக்கானிக்கை மகள் தடுத்தாள்.

"அப்பா வெயிட்டை வச்சு எனக்கு ஷாக் பாத்தா எப்படிம்மா சரியா வரும்? நான் என்ன அவ்வளவு குண்டா? நானே உக்கார்றேன்."

யாருக்கும் இத்தனை நாள் தோன்றாத விஷயம் அது. தோன்றியிருக்கும், சொல்லத் துணிந்திருக்க மாட்டார்கள். நாலுகாலுக்கென்று காரில் மாட்டுகிற பழைய இருக்கையில் மூட்டை போன தடவையிலிருந்தே கட்டியபடி இருந்தது. மூட்டையைக் கழற்றி, அந்த இருக்கையைக் காரில் மாட்டியபோது அதன் துணியில் முதுகும் இடுப்புமாக ஒரு பள்ளம் படிந்திருந்தது. மகள் ஒரு கணம் தயங்கிவிட்டு அதில் உட்கார்ந்தாள். பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள். அவசரத்துக்கு நிறுத்துகிற பொத்தானை மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாவும் கணக்கும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், திரைக்கு முன்னால்.

நாலுகால் முனகிக்கொண்டு எழுந்தது. சுற்று ஆரம்பித்தது. மகள் தனக்குத்தானே, "சாயுது... நிமிருது... குதிக்கும் பாரு" என்று சொல்லிக்கொண்டே போவது மைக்கில் கேட்டது. நீள வளைவின் வாசல் வந்தது. இத்தனை வருஷமும் உறைந்து நின்ற அந்த இடத்தை, கார் நிற்காமல் தாண்டிப் போயிற்று.

மெதுவாகத்தான் போயிற்று. கோடுகள் அலுங்காமல் வந்தன. பின்பக்கத்துக் கோட்டில் தாரின் அலைகள் ஒவ்வொன்றாக, பாடப்புத்தகத்தில் வரைந்தது போல விழுந்தன. "கெடச்சிருச்சுக்கா" என்றான் கணக்கு. ரோட்டின் உருவம் மொத்தமும் கைக்கு வந்துவிட்டது. இனி இதையே பந்தய வேகத்துக்கு ஏற்றி ஓட்டிப் பார்த்தால் எந்தத் தகடு என்று தெரிந்துவிடும். வளைவு முடிந்தது. கார் ஓரமாக இறங்கி, மூக்கைக் கொஞ்சமே கொஞ்சம் தாழ்த்தி, நின்றது.

நெஞ்சு நின்றுபோன மனிதனுக்கு அப்படிப் பிரேக் போடத் தெரியாது. யாரோ பார்த்துப் பார்த்துக் காலை வைத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

கணக்கின் விரல் பொத்தானுக்குப் போயிற்று. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

நின்ற கார் அசைந்தது. மிகச் சின்ன அசைவு. திரையில் பார்த்தால் கோடு நேராகத்தான் இருந்தது. ஆனால் தூண்கள் முனகின. கார் இடப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் சாய்ந்தது. கொஞ்சம் மேலே எழும்பி, தொப்பென்று உட்கார்ந்தது.

"மெஷின் அடங்குதுக்கா" என்றான் கணக்கு.

மறுபடி இடம். மறுபடி வலம். எழும்பல். உட்கார்தல்.

"அம்மா." மைக்கில் மகளின் குரல் தணிந்து வந்தது. "வண்டி நின்னுடுச்சு இல்ல?"

"நின்னுடுச்சு."

"அப்போ இது..." அவள் தன் தோளை அசைத்துப் பார்ப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. "அம்மா, இது பெல்ட் கழட்டுறது. இடது தோளைத் திருப்பி, வலது தோளைத் திருப்பி, அப்புறம் ஒரு உந்து. நான் தினமும் செய்யுறேன். இப்படித்தான் இருக்கும்."

ஒரே நொடி என்ற வாக்கியம் அந்த அறையில், ஷாக் அக்காவின் கண் முன்னாலேயே, செத்துப் போயிற்று.

"அப்பா வெளிய வரப் பாத்திருக்காரும்மா."

"நிறுத்திடுறேன்டி. நீ இறங்கு."

"நிறுத்தாத" என்றாள் மகள். தன் மடியிலிருந்த பொத்தானையும் அவள் தொடவில்லை. கைகள் இரண்டையும் இருக்கையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "யாராவது கூட இருக்கணும்ல."

கார் அசைந்தது, ஓய்ந்தது, மறுபடி அசைந்தது. அசைவுகளுக்கு நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. இதுதான் நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்த நேரம் என்று அவள் நினைத்தாள். இது முதல் வாய். இது இரண்டாவது. கணக்கு முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். சுத்தமான கோடு என்று அன்றைக்கு வாயைப் பிளந்தவன் அவன்தானே. கடைசியாக ஒருமுறை கார் இடப்பக்கம் சாய்ந்து, பாதியில் நின்று, மெல்லத் திரும்பி மட்டத்துக்கு வந்தது.

பிறகு எதுவும் அசையவில்லை. நாலுகால் மட்டும் அந்த அசையாமையை அக்கறையோடு தாங்கிக்கொண்டு நின்றது. எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்து அவள் மூச்சு விட்டபோது, காரின் வலப்பக்கம் திடீரென்று யாரோ மேலே வந்து விழுந்தது போல அமுங்கியது. விட்டு விட்டு, வெறி பிடித்த மாதிரி, திரும்பத் திரும்ப அமுங்கியது. உள்ளே மகள் அலறிவிட்டாள்.

"யாரும்மா அது? அம்மா! யாரு அது?"

"நான்டி" என்றாள் ஷாக் அக்கா. "அது நான்தான். அப்பதான் வந்து சேர்ந்தேன்."

அதோடு பதிவு முடிந்தது.

மகள் இறங்கி வந்ததும் ஷாக் அக்கா எதையும் மறைக்கவில்லை. தான்தான் மெதுவாக வரச்சொன்னது என்பதையும், அதனால்தான் மெதுவாகிறார் என்று நினைத்து எல்லாரும் சந்தோஷப்பட்டதையும், டீயையும் சொன்னாள். மகள் கேட்டுக்கொண்டாள். "சரி" என்றாள். அந்த "சரி"யில் ஒன்றும் சரியாகவில்லை என்று அம்மாவுக்குத் தெரிந்தது. அழுதிருந்தால்கூடத் தேவலை.

வேலை மட்டும் நின்றுவிடவில்லை. ரோட்டின் உருவத்தை மட்டும் தனியே எடுத்து, பந்தய வேகத்தில், மகளை உட்கார வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். அலைகள் வரும்போது கார் படிப்படியாகத் தாழ்வது கண்ணுக்கே தெரிந்தது. அவள் பின் ஷாக்குகளைப் பிரித்து, ஒரு தகட்டை எடுத்தாள், போதவில்லை. இன்னொன்றையும் எடுத்தாள்; வளைவுக்கு முந்தைய மேட்டில் துள்ளியது. எடுத்ததை வைத்துவிட்டு, அதைவிட மெல்லியதாக ஒன்றைத் தேடிப் போட்டாள். தகடு இரண்டு முறை கைதவறி எண்ணெய்க்குள் விழுந்தது. மூன்றாவது முறை மகள் வந்து, பிஸ்டனைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் கார் அலைகளின்மேல் தாழாமல் போயிற்று. மகள் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். தடத்துக்குத் திரும்பிப் போகும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் கார் நூல் பிடித்த மாதிரி ஓடியது. நீள வளைவுக்குள் ஒவ்வொரு முறை அது மறையும்போதும் ஷாக் அக்கா தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மரங்களுக்கு அந்தப் பக்கம் அது வெளியே வந்த பிறகுதான் கையை எடுத்தாள். மகள் மூன்றாவதாக வந்தாள். கொழுந்தன் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். "அண்ணி, மூணாவது! நம்ம பொண்ணு மூணாவது!"

கொடி காட்டிய பிறகு எல்லாக் கார்களும் டயரும் பிரேக்கும் ஆறுவதற்காக ஒரு சுற்று மெதுவாக வரும். அது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். மகளின் காரும் நீள வளைவின் வாசலில் வேகத்தைக் குறைத்து, மரங்களுக்குப் பின்னால் மெதுவாகப் போயிற்று.

ஷாக் அக்கா சுவரைத் தாண்டிக் குதித்தாள்.

"அக்கா, கூல் டவுன் சுத்துக்கா அது! எல்லாருமே மெதுவாத்தான் வர்றாங்க!" என்று கணக்கு பின்னாலேயே கத்தினான். கொடி பிடிக்கிறவன் விசில் ஊதினான். கொழுந்தன், "அண்ணி! அண்ணி!" என்று கையை ஆட்டினார். அவளுக்கு எல்லாம் கேட்டது. எல்லாம் தெரிந்தும் இருந்தது. புல்தரையைக் குறுக்கே வெட்டி, செருப்பு ஒன்று கழன்று போனது தெரியாமல், மூச்சு இரைக்க ஓடினாள். மூட்டு வலிக்காரி அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

மரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து மகள் அவளைப் பார்த்துவிட்டாள். காரை ஓரமாக இறக்கி நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா வந்து கதவைப் பிடித்துச் சாய்ந்ததில் கார் அந்தப் பக்கமாக அமுங்கியது.

"ஒண்ணுமில்லம்மா. டயர் ஆறட்டும்னு மெதுவா வந்தேன்."

"தெரியும்" என்றாள் அம்மா. மூச்சு வாங்கிக்கொண்டே கையை உள்ளே விட்டு, மகளின் பெல்ட்டைத் தானே கழற்றினாள்.